தூளியில் தூங்கும் 7 மாதக் குழந்தைக்குப் பகலில் முதுகெல்லாம் கொசுக்கடி. என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டை அம்மா

வணக்கம். எங்கள் பாப்பாவுக்கு 7 மாதம். சென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். சாயங்காலம் ஐந்தரைக்கே கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிடுவோம், வேர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை என்று. ராத்திரி வலைக்குள்தான் படுக்கை. இரவில் கடி கிடையாது. பிரச்சினை பகலில். காலையில் குளிப்பாட்டித் தூளியில் போட்டால் நன்றாகத் தூங்குகிறாள். தூக்கும்போது பார்த்தால் முதுகிலும் தொடையின் பின்பக்கமும் சிவந்து தடித்திருக்கிறது. வேர்க்குரு என்று மாமியார் பவுடர் போட்டார். டாக்டர் பார்த்ததுமே கொசுக்கடி என்றுவிட்டார்.

எனக்குப் புரியாதது இதுதான். தூளியில் சேலை இரண்டு பக்கமும் மூடித்தானே இருக்கிறது? முகத்திலும் கையிலும் ஒரு கடிகூட இல்லை. முதுகில் மட்டும் எப்படி? பகலிலும் கொசுவத்தி கொளுத்தலாமா? வேப்பெண்ணெய் தடவு என்கிறார் மாமியார். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


வியாசை பாட்டி

கண்ணு, கொசுவத்திப் புகை மட்டும் வேண்டாம். வியாசர்பாடியில் கால்வாய் ஓரத்தில் நாலு பிள்ளைகளை வளர்த்தவள் நான். அப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் வேப்பிலையும் நொச்சித் தழையும் போட்டு மூட்டம் போடுவோம், அப்புறம் சாம்பிராணி. இப்போது பேரனுக்கு வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு விளக்கு ஏற்றுகிறேன். மிச்ச எண்ணெயைக் கால் கையில் லேசாகத் தடவிவிடுவேன். கடை மருந்தைவிட இது எவ்வளவோ மேல். ஒரு தோஷமும் இல்லை.


காசிமேட்டுக்காரன்

சிஸ்டர், கொசு தூளிக்குள் நுழையவே இல்லை. வெளியே உட்கார்ந்தபடியே கடிக்கிறது.

தூளி கட்ட யாரும் புதுச் சேலை எடுப்பதில்லை. பழசாகி மெல்லிசான காட்டன் சேலையாகத்தான் இருக்கும். குழந்தையின் எடை இறங்கும் இடத்தில் துணி இழுபட்டு உடம்போடு ஒட்டி நிற்கும். முதுகு, இடுப்பு, தொடையின் பின்பக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கொசுவுக்கு அந்தத் துணி ஒரு தடையே இல்லை. நாளைக்குப் பாப்பா தூங்கும்போது தரையில் படுத்து, டார்ச் அடித்துத் தூளியின் அடியைப் பாருங்கள். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம் போட்ட கொசு அடித்துணியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். தங்கை வீட்டில் இப்படித்தான் கண்டுபிடித்தோம். அவளுக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை.

தங்கைக்குச் செய்துகொடுத்தது இது: டயர் கழற்றிய பழைய சைக்கிள் ரிம் ஒன்றைக் கிடையாகத் தொங்கவிட்டு, அதைச் சுற்றி வலைத்துணி தைத்தோம். வலை தூளிக்குக் கீழேயும் ஒரு முழம் இறங்கும். அடியில் சேர்த்து ஒரு முடிச்சு. ரிம் இருப்பதால் வலை எந்தப் பக்கமும் தூளியைத் தொடாமல் தள்ளியே நிற்கும். அதுதான் முக்கியம், தொட்டுவிட்டால் வலை போட்டும் போடாத கதைதான். ஆட்டும்போது வலையை மேலே சுருட்டி வைத்துவிட்டு, குழந்தை தூங்கிய பிறகு இறக்கிவிட வேண்டும். வலைத்துணி பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மீட்டர் கணக்கில் வாங்கினோம். கண் பொடியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொசுவலைக்குச் சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பது வழக்கமான அளவு. கல்யாண மேடைக்குக் கட்டுகிற நெட் துணியை எடுத்து நீட்டுவார்கள், அது வேண்டாம்.


மாத்திரைக்கடை

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கேள்விக்கு நேராக வருகிறேன்.

கொசுவத்தி: பாட்டி சொன்னதில் இது சரி. மூடிய அறையில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சுருள் கொளுத்தக் கூடாது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்து அளந்த ஆய்வு ஒன்று 2003-ல் வந்தது. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரித்தால் வரும் அளவுக்குச் சமம் என்றது. நம் ஊர்ச் சுருளில் கூடக் குறைய இருக்கலாம். அதற்காகத் தூளிக்கடியில் வைக்க முடியுமா? ஆனால் பாட்டி, வேப்பிலை மூட்டமும் சாம்பிராணியும்கூடப் புகைதான். எந்த இலையின் புகை என்று பச்சைக்குழந்தையின் நுரையீரலுக்குத் தெரியாது.

கற்பூரம்: இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பாட்டி கோபித்துக்கொள்ளக் கூடாது. கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரும். தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெயில் கரைத்துத் தடவினால் குழந்தை கையை வாயில் வைக்காமலா இருக்கும்? கைக்குழந்தைக்குக் கற்பூரம் கலந்த எதுவும் தடவ வேண்டாம். விளக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயைத் தவழும் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வேண்டாம்.

வேப்பெண்ணெய்: தடவினால் கொஞ்ச நேரம் வேலை செய்யும், அவ்வளவுதான். சில குழந்தைகளுக்குத் தோல் எரியும். வயிற்றுக்குள் போனால் ஆபத்து. சளிக்கும் வயிற்றுக்கும் என்று வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தது 1980-களின் தொடக்கத்தில் மலேசியாவிலிருந்து மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அங்கேயும் நம் தமிழ்க் குடும்பங்களில் உள்ள பழக்கம்தான் இது.


திருவொற்றியூர் அப்பா

அப்படியென்றால் பிளக்கில் சொருகும் லிக்விட்? எங்கள் வீட்டில் 24 மணி நேரமும் ஓடுகிறது, 3 வயதுப் பையன் இருக்கிறான். செல்போனில் கொசு விரட்டும் ஆப் ஒன்றும் போட்டிருக்கிறேன், கையில் கட்டும் பேண்டும் வாங்கினேன். அங்கன்வாடிக்குப் போய்விட்டு வரும்போது காலெல்லாம் கடிதான். கிரீம் எந்த வயதிலிருந்து தடவலாம்?


மாத்திரைக்கடை

ஆப்பை முதலில் அழித்துவிடுங்கள் சகோ. காதுக்குக் கேட்காத ஒலியில் கொசு ஓடும் என்பதைக் களத்தில் சோதித்த 10 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2007-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு அலசியது. கடி குறைந்ததாக ஒன்றிலும் இல்லை. பேண்டும் அப்படித்தான், கட்டிய மணிக்கட்டைத் தாண்டி அது எதையும் காப்பதில்லை.

லிக்விட் சுருளைவிட மேல், புகை கிடையாது. ஆனால் நாள் முழுக்க ஓட்டுவதற்கு அது இல்லை. ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், குழந்தை தலைமாட்டில் இருக்கும் பிளக்கில் சொருகக் கூடாது. அதைவிட முக்கியம் அந்த ரீஃபில் பாட்டில். உள்ளே இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைக் கரைசல், அதில் மருந்து கொஞ்சம். தரையோரப் பிளக்கிலிருந்து பிள்ளைகள் பிடுங்கி வாயில் வைக்கிற கதை எங்கள் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால் அதுதான் கெடுதல். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி.

இன்னொன்று. கொசு ஊதுபத்தி என்று பெட்டிக்கடையில் தொங்குகிறதே, பாக்கெட்டில் சி.ஐ.ஆர். என்று தொடங்கும், பூச்சிமருந்துக்கு அரசு தரும் பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். மூலிகை என்று மேலே எழுதியிருக்கும், உள்ளே என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது.

கிரீம் விஷயம். டீட் என்ற கொசு விரட்டும் மருந்து கலந்த கிரீமை 2 மாதத்துக்குக் கீழே தடவவே கூடாது, அதற்கு மேல் 30 சதவீதத்துக்கு மிகாமல் தடவலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. 10 சதவீதம் என்றால் 2 மணி நேரம் தாங்கும், 24 சதவீதம் என்றால் 5 மணி நேரம். சதவீதம் ஏற ஏற நேரம்தான் கூடும், கொசு கூடுதலாகப் பயப்படாது. உங்கள் பையன் அங்கன்வாடியில் எத்தனை மணி நேரம் இருக்கிறான் என்று பார்த்து, அதற்குப் போதுமான குறைந்த அளவை எடுங்கள். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் கலந்தது 3 வயதுக்குக் கீழே வேண்டாம். நம் கடைகளில் கிடைக்கும் கிரீம்களில் மருந்து வேறு வேறாக இருக்கும், அதனால் டியூபின் பின்பக்கம் போட்டிருக்கும் வயதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தடவும் முறை: டியூபைக் குழந்தை கையில் கொடுக்காமல், உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துக்கொண்டு பிறகு அவன் காலிலும் முழங்கைக்கு மேலும் பூசுங்கள். விரல், உள்ளங்கை, கண், வாய், சிராய்ப்பு உள்ள இடம் எதிலும் படக்கூடாது. சட்டைக்குள்ளே போகும் இடத்தில் தடவத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். கொருக்குப்பேட்டை சிஸ்டர், 7 மாதக் குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது கிரீமே வேண்டாம். வலை இருக்கும்போது எதற்கு?


சின்டெக்ஸ் மூடி

நான் மாநகராட்சிக்கு வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கும் வேலையில் இருந்தவள். டிபிசி என்று சொல்வார்களே, அது. தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் நான் ஏறாத மாடி குறைவு. இதுவரை எல்லோரும் கொசுவை விரட்டுவது பற்றியே பேசுகிறீர்கள். அது எங்கே பிறக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

நம் பக்கம் மூன்று விதம் உண்டு. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், செப்டிக் டேங்க், அடைத்துக்கொண்ட சாக்கடை, இதிலெல்லாம் பிறப்பது கியூலெக்ஸ். ராத்திரி காதோரம் ரீங்காரம் போடுவது அதுதான். யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுவே. ஒரு கிலோமீட்டர் தாண்டியும் பறந்து வரும். இரண்டாவது அனாபிலிஸ், மலேரியாக் கொசு. கிராமத்தில் அது வயல் வாய்க்காலில் பிறக்கலாம், சென்னையில் அதன் இடம் கிணறும் மாடித் தொட்டியும். இதுவும் ராத்திரிக்காரிதான்.

மூன்றாவது ஏடிஸ், காலில் வெள்ளை வளையம் உள்ளது. டெங்கு, சிக்குன்குனியா இரண்டும் இதன் கைவரிசை. இது பகலில் கடிக்கும். விடிந்து சில மணி நேரமும், பொழுது சாயும் முன்னும் அதற்கு நல்ல பசி. சாக்கடையில் முட்டையிடாது, நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். அதிகம் பறக்கவும் பறக்காது, நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். ஆக, காலை பத்து மணிக்கு உங்கள் தூளிக்கு அடியில் உட்காரும் கொசு கால்வாயிலிருந்து வரவில்லை அம்மா. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்தது. ஐந்தரைக்கு ஜன்னல் சாத்துகிறீர்கள், நல்லதுதான். ஆனால் இது அதற்கு முன்பே உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். கட்டிலடி, ஃபிரிட்ஜ் பின்பக்கம், செருப்பு அலமாரி, ஸ்கூல் பை, இப்படி இருட்டான இடமாகத்தான் தேடும். காலையில் அந்தச் சட்டைகளை ஒரு தடவை உதறிப் பாருங்கள், எது பறக்கிறது என்று தெரியும்.

இப்போது தண்ணீர். நம் ஏரியாவில் டிரம் இல்லாத வீடு ஏது? லாரி வந்தாலும் அடிபம்பில் வந்தாலும் பிடித்து வைத்தால்தான் சமையல் நடக்கும். பிடிக்காதே என்று நான் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். கறுப்புப் பொடி தூவியது போல இருக்கும், அழுக்கு என்று நினைத்துக்கொள்வோம். தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி பிடித்தால் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரியும். அதனால்தான் தேய்த்துக் கழுவுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துவோம். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதற்கு முன்னால், வாரத்துக்கு ஒரு தடவை, பிளாஸ்டிக் பிரஷ் போட்டு உள்சுவரைச் சுரண்டித் தேய்த்துக் கொட்டிவிட்டால் அந்தத் தலைமுறையே முடிந்தது.

மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டு, சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர் போல இறுக்கிக் கட்டுங்கள். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுவிட்டால் அதன் மேலேயே முட்டையிடும், இறுக்கமாக இருக்க வேண்டும்.


கொருக்குப்பேட்டை அம்மா

எல்லோருக்கும் நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். காசிமேட்டு அண்ணா சொன்னது அப்படியே இருந்தது. கூசிப்போய்விட்டது உடம்பு.

அக்கா சொன்ன பிறகு டிரம்மையும் பார்த்தோம். இரண்டு டிரம், இரண்டுக்கும் மூடி உண்டு. அவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் மாடிப்படிக்கு அடியில் வீட்டுக்காரம்மா போட்டுவைத்திருக்கும் பழைய ஆட்டுக்கல், குழிக்குள் கொஞ்சம் தண்ணீர். அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. அப்புறம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. இழுத்துப் பார்த்தால் அதிலும் தண்ணீர்.


சின்டெக்ஸ் மூடி

ஆட்டுக்கல் எங்களுக்குப் பழைய சிநேகிதி. மிக்சி, கிரைண்டர் வந்ததும் எல்லா வீட்டிலும் அதை வெளியே தள்ளிவிட்டார்கள், தூக்கிப்போட மனசு வராது. குப்புறக் கவிழ்க்க முடியாத கனம் என்றால் குழியில் மணல் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜ் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு, அடிபம்பைச் சுற்றிய குழி, மாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, இவ்வளவையும் டிரம் கழுவுகிற அன்றைக்கே ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.


ஓட்டேரி ஓரம்

மன்னிக்கவும், எல்லாப் பழியையும் ஆட்டுக்கல் மேலும் டிரம் மேலும் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வந்தால் யார் டிரம்மில் பிடிக்கப்போகிறார்கள்? எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தோண்டிப் பாதியில் விட்ட பள்ளத்தில் மழை பெய்தால் தண்ணீர் நாள் கணக்கில் நிற்கிறது. கால்வாயில் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது. ராத்திரி வாசலில் நிற்க முடியவில்லை. புகை மருந்து அடிப்பவர்கள் எப்போதாவது மெயின் ரோட்டோடு போகிறார்கள், சந்துக்குள் வருவதே இல்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்து, ஏழை வீட்டு டிரம்மில் புழு இருக்கிறது என்று நோட்டீஸ் கொடுப்பது மட்டும் சுலபம்.


சின்டெக்ஸ் மூடி

கோபம் நியாயம்தான் தம்பி. தண்ணீர் ஒழுங்காக வந்தால் பாதி டிரம் காணாமல் போகும், நானே அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளத்துக்கும் கால்வாய்க்கும் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கி வையுங்கள். எண் இருந்தால்தான் மறுபடி கேட்க முடியும். கால்வாய்க்கு டிரோன் வைத்துக்கூட மருந்து தெளித்திருக்கிறார்கள், ஆனால் தாமரையை எடுக்காமல் தெளித்தால் மருந்து இலை மேல்தான் நிற்கும்.

புகை மருந்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அது சந்துக்குள் வந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்த நேரம் பறந்துகொண்டிருக்கும் கொசு சாகும், தண்ணீரில் உள்ள புழு சாகாது. வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் கதவைச் சாத்துகிறோம், நம் சட்டைக்குள் இருக்கும் ஏடிஸ் சௌகரியமாக உள்ளேயே இருந்துவிடும். புகை போனால் வேலை நடப்பது போலக் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் ஜனங்களும் அதையே கேட்கிறார்கள். கிணற்றிலும் தொட்டியிலும் ஊற்றும் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்துதான் உண்மையில் வேலை செய்கிறது. அதை ஊற்றப் போனால் வாடை அடிக்கிறது, குடிக்கிற தண்ணீர் என்று விரட்டுவார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவைத் தாண்டாமல் குடிநீரிலும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே அனுமதித்த மருந்து அது.


காசிமேட்டுக்காரன்

எங்கள் பக்கத்துச் சமாச்சாரம் ஒன்று. படகு பக்கவாட்டில் மோதாமல் இருக்கக் கட்டும் டயர், உடைந்த தெர்மகோல் ஐஸ் பெட்டி, கரையேற்றிப் போட்ட பழைய ஃபைபர் படகு. மழை பெய்தால் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் நிற்கும், கடல் தண்ணீர் இல்லை. பக்கத்திலேயே குடியிருப்பு. எங்கள் சங்கத்து ஆட்கள் டயரின் அடிப்பக்கம் ட்ரில் போட்டு ஓட்டை விட்டார்கள், தண்ணீர் நிற்பதில்லை. தெர்மகோலுக்குத்தான் வழி தெரியவில்லை, யார் பெட்டி என்று கேட்டால் யாருடையதும் இல்லை.


குழந்தைகள் வார்டு

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தமிழ்நாட்டில் 2012-லும் 2017-லும் தலா அறுபதுக்கு மேற்பட்டோர் டெங்குவில் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அவ்வளவு மோசம் இல்லை, ஆனாலும் மழைக்குப் பிறகு கவனமாக இருக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை அம்மாவுக்கு முதலில்: கடி பட்ட எல்லாக் குழந்தைக்கும் டெங்கு வராது, பயப்பட வேண்டாம். தடிப்புக்குச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி, காலமைன் தடவினால் போதும். பற்பசை, சுண்ணாம்பு எல்லாம் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்துத்தான் பாதிக் குழந்தைகள் எங்களிடம் வருகிறார்கள்.

ஆனால் உங்கள் பாப்பா வயதில் காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தாய்க்கு முன்பு டெங்கு வந்திருந்தால் அந்த எதிர்ப்புச் சக்தியில் கொஞ்சம் குழந்தைக்கும் வந்திருக்கும். அது குறைந்துபோகும் 6 முதல் 9 மாதத்தில், காப்பாற்றப் போதாமல், நோயைக் கடுமையாக்கும் அளவுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால் முதல் தடவையே டெங்கு தீவிரமாகலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்குக் கணக்குப் போட்டு டாக்டர் சொன்ன அளவு. ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கும். முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள்.

எல்லோரும் ஏமாறும் இடம் காய்ச்சல் விடும் நாள். மூன்றாம் நாளுக்கு மேல் உடம்பு குளிர்ந்ததும், சரியாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றைத் தொட்டாலே அழுகை, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லென்று இருப்பது, சிறுநீர் ஆறு மணி நேரமாகப் போகாதது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் நெளிந்து அழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நடு ராத்திரி என்றாலும் கிளம்பிவிடுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் தூரமில்லை. 108 இருக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு டெங்கு வந்தால் அவர்களையும் பகலில் வலைக்குள் படுக்கவையுங்கள். அவர்களைக் கடித்த கொசுதான் சில நாள் கழித்துக் குழந்தையைக் கடிக்கும். இதை யாரும் செய்வதில்லை.

தூளி பற்றி ஒரு வார்த்தை. ரிம் வலை நல்ல யோசனை, ஆனால் முடிச்சும் தொங்கும் துணியும் குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. புரள ஆரம்பித்துவிட்டாள் என்றால் தூளியில் விட்டுவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போகாதீர்கள். எழுந்து உட்காரும் பருவத்தில் தரையில் பாய் போட்டுக் குடை வலையால் மூடுவதே மேல். ஃபேன் ஓடட்டும், காற்றில் கொசு நிலையாகப் பறக்க முடியாது.


வியாசை பாட்டி

நர்ஸம்மா, நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாம் இல்லையா? கவர்மென்ட்டே தெருத்தெருவாக ஊற்றிக் கொடுத்ததே. கற்பூர எண்ணெயைத் தடவுவதை நிறுத்திவிட்டேன், விளக்கு மட்டும் சாமி அலமாரியில் மேலே இருக்கிறது. மூட்டத்தை விடச் சொன்னால்தான் மனசு கேட்கவில்லை, அந்த வாசனைக்கே கொசு போகுமே.


குழந்தைகள் வார்டு

பாட்டிம்மா, பெரியவர்கள் குடிப்பது அவரவர் விருப்பம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கசாயமும் வேண்டாம், பப்பாளி இலைச் சாறும் வேண்டாம். அதைப் புகட்டிக்கொண்டே இரண்டு நாளைக் கடத்திவிட்டு வருவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. மூட்டம் போட்டே ஆக வேண்டுமென்றால் பேரனை வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டுப் போடுங்கள், புகை முழுக்க வெளியேறிய பிறகு உள்ளே வாருங்கள்.


திருவொற்றியூர் அப்பா

ஆப்பை அழித்துவிட்டேன். லிக்விட்டை மேல் பிளக்குக்கு மாற்றி, சாயங்காலம் மட்டும் போடுகிறேன். அங்கன்வாடி டீச்சரிடம் பேசிப் பார்த்தேன். பின்பக்கத்தில் கை கழுவும் தொட்டியும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிடந்தன. நாற்காலியின் குழிவில்கூடத் தண்ணீர் நின்றது. இரண்டு அப்பாக்கள் சேர்ந்து காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம். பையனுக்கு வெளிர் நிறத்தில் தொளதொளவென்று முழு பேண்ட் தைத்துக்கொடுத்திருக்கிறோம். லெக்கிங்ஸ் வேண்டாம் என்று மனைவி சொன்னதும் இந்தத் தூளி விஷயத்தைப் படித்துத்தான், காலோடு ஒட்டும் துணியில் கடித்துவிடும் அல்லவா?


கொருக்குப்பேட்டை அம்மா

ரிம் வலை மாட்டியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கொக்கியையும் மாற்றிப் போட்டார், இரண்டு பேர் தொங்கினாலும் தாங்கும். புதுத் தடிப்பு ஏதும் இல்லை. ஆட்டுக்கல்லில் மணல் கொட்டினேன். வீட்டுக்காரம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம், சீதனமாக வந்ததாம்.

இப்போது வேறு தலைவலி. பக்கத்து வீடு பூட்டியே கிடக்கிறது, சொந்தக்காரர்கள் வெளியூரில். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அவர்கள் தொட்டிக்கு மூடி இல்லை. உள்ளே போகவும் முடியாது, போன் செய்தால் எடுப்பதில்லை. யாரிடம் சொல்வது?


சின்டெக்ஸ் மூடி

1913-ல் கதவு எண், தெருவோடு சொல்லுங்கள், பூட்டிய வீடு என்பதையும் சேர்த்து. பூட்டிய வீடு என்றால் எங்கள் ஆட்கள் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அவர்கள் வரும் நாளில் நீங்களே உங்கள் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். சுவரோடு சுவர் என்றால் அங்கிருந்தே தொட்டிக்குள் மருந்து விட்டுவிட முடியும். சொந்தக்காரருக்கு நோட்டீஸ் தனியாகப் போகும். அதுவரைக்கும் உங்கள் பக்கத்து ஜன்னலுக்கு வெல்க்ரோ வலை ஒட்டிவிடுங்கள், பகலிலும் காற்று வரும்.


ஓட்டேரி ஓரம்

வலை அளவெடுத்து ஒட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள் சிஸ்டர், என் மச்சான் அந்த வேலைதான் செய்கிறான். என் வடிகால் பள்ளத்துக்கும் புகார் எண் வாங்கிவிட்டேன். மூடுகிறார்களா என்று பார்க்கிறேன், மூடினால் இங்கே படம் போடுகிறேன்.